நியூயோர்க் நகரக் கல்லூரியும் கூடைப்பந்தாட்டமும்

கூடைப்பந்தாட்டம் நமது குடாநாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் ஆடப்பட்டு வருவதொன்று. உதைபந்தாட்டத்துக்கும் கிரிக்கெட்டுக்கும் கூடுகின்ற பெருந்திரள் இதற்குக் கூடுவதில்லை. ஆயினும், மாலை வேளையிற் சீமெந்துத் தரையிலே பந்து தட்டும் ஓசை கேட்கும் கல்லூரி வளவுகள் இங்குச் சிலவல்ல. இவ்வாட்டத்தின் விதிகளை அறிந்தோர் நம்மிடையே பலருளர். இதன் வரலாற்றை அறிந்தோர் சிலரேயாவர். அவ்வரலாற்றிலே, கல்வித் தொண்டில் ஈடுபட்டோர் சிந்திக்கத்தக்க பகுதி ஒன்றுண்டு. நியூயோர்க் மாநகரத்து நகரக் கல்லூரியின் அணி 1949–50ஆம் ஆண்டுப் பருவத்திலே, அதற்கு முன்னும் பின்னும் எக்கல்லூரியும் பெற்றிராத வெற்றியைப் பெற்றது. பதினொரு மாதங்கள் கழியுமுன் அவ்வணியின் வீரர் காவலராற் கைது செய்யப்பட்டனர். அக்கதையை ஈண்டு எடுத்துரைப்பாம்.

முதலில் ஆட்டத்தின் பிறப்பைச் சுருக்கமாகக் கூறுதல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் ஸ்பிறிங்பீல்ட் என்னும் ஊரிலே கிறித்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிக் கல்லூரி ஒன்றிருந்தது. அங்கு ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் கனடா நாட்டவர் 1891ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் இவ்வாட்டத்தை அமைத்தார். பனிக்காலத்தில் வெளியே ஆட இயலாது சோர்ந்திருந்த பதினெட்டு மாணாக்கருக்கு மண்டபத்துள்ளே ஆடத்தக்க ஆட்டம் ஒன்று வேண்டியிருந்தது. உதைபந்தாட்டத்து முரட்டுத்தனம் எங்கிருந்து வருகிறதென அவர் ஆராய்ந்தார். பந்தைக் கையிற் பற்றிக்கொண்டு ஒருவன் ஓடுதலும், அவனை மற்றவர் பிடித்து வீழ்த்துதலுமே அதற்குக் காரணமென்று கண்டு, பந்தோடு ஓடலாகாது என விதித்தார். இலக்கு நிலத்தில் நின்றால் வலிமையோடு எறிபவனே வெல்வான்; அதனை மேலே கிடையாக வைத்தால், பந்து வளைந்து சென்று விழல் வேண்டும்; அதற்கு வலிமையினும் நிதானமே பெரிதும் வேண்டும். இவ்வாறு எண்ணி, மண்டபத்து மேன்மாடத்தின் விளிம்பிலே பீச்சுப்பழக் கூடைகள் இரண்டை அறைவித்தார். அவ்விளிம்பு நிலத்திலிருந்து பத்தடி உயரத்தில் இருந்தது. இன்றும் வளையத்தின் உயரம் பத்தடியே. முரட்டுத்தனத்தை நீக்கும் பொருட்டே தோன்றிய இவ்வாட்டத்துக்கு, அதனினும் கொடிய வேறொரு தீங்கு பின்னாளில் வந்து சேர்ந்தமையை மேலே காண்போம்.

மசச்சூசெற்ஸ் மாநிலம் யாழ்ப்பாணத்தார்க்குப் புதியதன்று. 1816இல் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் வந்திறங்கிய அமெரிக்க மிஷனரிமாரை அனுப்பிய சபை அம்மாநிலத்துப் பொஸ்ரன் நகரிலேயே இருந்தது. ஆயினும் நம் பகுதிக்கு உடற்பயிற்சிக் கல்வி வந்த வழியைத் தேடுவோர் சென்னையையும் நோக்குதல் வேண்டும். ஸ்பிறிங்பீல்டிற் பயின்ற ஹரி குரோ பக் என்பார் 1920இல் சென்னையில் உடற்பயிற்சி ஆசிரியர்க்கெனக் கல்லூரி ஒன்றை நிறுவினார். இந்திய நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மாணாக்கர் அங்குச் சென்று பயின்று மீண்டனர். இடையே இன்னொன்றையும் கூறிச் செல்லலாம். நம் பெண்பிள்ளைகள் ஆடும் வலைப்பந்தாட்டம் கூடைப்பந்தாட்டத்தின் தங்கையாகும். அமெரிக்கப் பெண்கள் கல்லூரிகளிலே திருத்தியமைக்கப்பட்ட கூடைப்பந்தாட்டம் இங்கிலாந்து சென்று, அங்கு வேறுருக்கொண்டு, ஆங்கிலேயர் ஆட்சி நிலவிய நாடுகளெங்கும் பரவியது. ஈவினையிற் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் இலங்கை அணிக்கு ஆடி 2011இல் உலகப் போட்டியிலே சிறந்த எறிவாளர் எனப் பெயர் பெற்றதும் அவ்வாட்டத்திலேயே. தமக்கையிலும் தங்கையே நம் மண்ணிற் பெரும்புகழ் பெற்றாள் எனலாம்.

இனி நகரக் கல்லூரிக்கு வருவோம். அது 1847இல் நியூயோர்க் மக்களின் வாக்கெடுப்பால் நிறுவப்பட்டது. முதற்பெயர் இலவசக் கழகம் என்பது. செல்வர் பிள்ளையும் வறியவர் பிள்ளையும் ஒரே வாங்கில் அமர்ந்து கற்றல் வேண்டும் என்பது அதனைத் தோற்றுவித்தோர் கொள்கை. அதற்கேற்ப 1976ஆம் ஆண்டு வரை அக்கல்லூரியிற் கட்டணம் பெறப்படவில்லை. பணம் வேண்டாமாயினும் புள்ளி வேண்டும். பாடசாலையில் உயர்ந்த பெறுபேறு பெற்றோரே அங்குச் சேரலாம். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஓடிவந்து தையற் பட்டறைகளிலும் தெருவோரக் கடைகளிலும் உழைத்த யூதரின் மக்கள் பல்லாயிரவர் அவ்வாயிலாலே உத்தியோகங்களிற் புகுந்தனர். இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்தை ஆக்கிய யோனாஸ் சோல்க் 1934இலும், உயர் நீதிமன்ற நீதியரசராய் விளங்கிய பீலிக்ஸ் பிராங்பேட்டர் 1902இலும் அங்குத் தேறியவர்கள். ஏழைகளின் ஹார்வார்ட் என அதனை மக்கள் அழைத்தனர். கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி பெற்ற நாட்டினராகிய நமக்கு, அத்தகைய கல்லூரி ஒன்று அவ்வூர்ப் பெற்றோர்க்கு எத்துணைப் பெரிய உடைமையாயிருந்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. அதன் நற்பெயரே அதன் முதல். இதனை மனத்திற் கொண்டே பின்வருவனவற்றை வாசித்தல் தகும்.

அக்கல்லூரிக்குப் பயிற்றுநராயிருந்தவர் நற் ஹோல்மன். 1896இற் பிறந்த அவர், 1920களிலே 'ஒறிஜினல் செல்ரிக்ஸ்' என்னும் தொழின்முறை அணியில் ஆடி நாடெங்கும் பெயர் பெற்றவர். அவர் கற்பித்த முறையை நகரத்து ஆட்டம் என்பர். பந்தை ஒருவன் மற்றவனுக்குக் கொடுத்துவிட்டு நில்லாது வெட்டி ஓடுவான். பெற்றவன் அவன் சென்ற இடத்துக்கே திருப்பிக் கொடுப்பான். பந்து நிலத்திற் படுவது அரிது. உயரத்தாற் குறைந்த ஐவர், நோக்காலும் காலாலும் உயர்ந்தோரை வெல்வர். அக்காலத்து ஆட்டத்தில் இத்தனை விநாடிக்குள் எறிதல் வேண்டும் என்னும் விதியும், தொலைவிலிருந்து எறிவதற்கு மூன்று புள்ளி என்னும் விதியும் இல்லை. ஆதலால், பொறுமையோடு இடம் பார்த்து நிற்கும் அணிக்கே வெற்றி எளிதாயிற்று. இம்முறை வீரர் ஐவரும் ஒருவர் மனத்தை ஒருவர் அறிந்திருந்தாலன்றி நடவாது.

1949ஆம் ஆண்டு மாரிகாலத்தில் அவரிடம் வந்து சேர்ந்த அணியோ வியக்கத்தக்கது. எட் வோணர், எட் றோமன், அல் றொத், புளோயிட் லேன் என்னும் நால்வரும் இரண்டாம் ஆண்டு மாணாக்கர். ஏர்வின் டாம்புரொட் இறுதியாண்டினர்; ஜோ கலிபரோடு தலைமைப் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டவர். நோர்மன் மேகரும் இறுதியாண்டினரே. இவர்களுள் வோணரும் லேனும் கலிபரும் கறுப்பினத்தவர். றோமன், றொத், டாம்புரொட், மேகர் யூதக் குடும்பத்தினர். அமெரிக்கத் தென்மாநிலங்களிற் கறுப்பினப் பிள்ளையும் வெள்ளையினப் பிள்ளையும் ஒரே பாடசாலையிற் படித்தலைச் சட்டமே தடுத்த காலம் அது. தொழின்முறைக் கூடைப்பந்துச் சங்கத்தில் அதுவரை கறுப்பினத்தவர் ஒருவர்க்கேனும் இடமிருந்ததில்லை. அத்தகைய நாட்டிலே இவ்வைவரும் ஓரணியாய் நின்று பந்தைக் கைமாற்றியமை ஆட்டத்துக்கு அப்பாலும் பொருளுடைய காட்சியாயிற்று.

பருவத்தின் தொடக்கத்தில் இவர்களிடம் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. இடையிலே தளர்ச்சி நேர்ந்தது. வெல்ல வேண்டிய ஆட்டங்கள் சிலவற்றை இழந்தனர். பதினேழு வெற்றியும் ஐந்து தோல்வியுமாகப் பருவத்தை முடித்தபோது, நாட்டின் தலைசிறந்த இருபது அணிகளின் பட்டியலில் இவர்கள் பெயர் காணப்படவில்லை. அந்நாளில் அமெரிக்கக் கல்லூரிகளுக்குச் சுற்றுப்போட்டிகள் இரண்டு இருந்தன. ஒன்று தேசிய அழைப்புச் சுற்றுப்போட்டி. மற்றையது தேசியக் கல்லூரி மெய்வல்லுநர் சங்கத்தினது. முன்னதற்குப் பன்னிரண்டு அணிகள் அழைக்கப்பட்டன. நகரக் கல்லூரிக்கு அழைப்புக் கிடைத்தது கடைசியிலேயே. உள்ளூர் அணியாதலாற் கூட்டம் சேரும் என்பதும் அதற்கொரு காரணமென்று கூறுவர்.

ஆட்டங்கள் யாவும் மடிசன் சதுக்க அரங்கிலே நடைபெற்றன. பதினெண்ணாயிரவர் இருக்கத்தக்க அவ்வரங்கு குத்துச்சண்டைக்கும் வட்டரங்க வேடிக்கைகளுக்கும் பெயர் போனது. முதல் ஆட்டத்திலே, முன்னைய ஆண்டு வெற்றிக் கிண்ணம் பெற்ற சான்பிரான்சிஸ்கோ அணியை 65–46 என வென்றனர். அடுத்து வந்தது கென்ரக்கி. அடொல்ப் றப் என்னும் பெயர்பெற்ற பயிற்றுநரின் கீழ் 1948, 1949 ஆகிய இரண்டாண்டும் தேசிய வெற்றி பெற்ற அணி அது. முற்றிலும் வெள்ளையினத்தவரைக் கொண்டது. நடுவே பில் ஸ்பைவி என்னும் ஏழடி உயரமான வீரர் நின்றார். ஹோல்மன் வழக்கமாக ஆடாத லீரோய் வற்கின்ஸ் என்னும் நெடியவரை முதற் பந்துக்கு மட்டும் ஸ்பைவிக்கு எதிரே நிறுத்தினார். அவர் அப்பந்தைத் தட்டித் தந்தார். அதன்பின் நடந்ததை ஆட்டமென்று சொல்வதிலும் பாடமென்று சொல்வதே பொருந்தும். குள்ளரான நகரத்துப் பிள்ளைகள் நெடியவரைச் சுற்றிச் சுற்றி ஓடினர். முடிவு 89–50. தம் நீண்ட வாழ்க்கையில் றப் கண்ட தோல்விகளுள் இதுவே மிகப் பெரியது. பின்னர் டியூக்கேன் அணியை 62–52 எனவும், நாட்டின் முதலணியாக எண்ணப்பட்ட பிறட்லி அணியை இறுதியாட்டத்தில் 69–61 எனவும் வென்று கிண்ணத்தைப் பெற்றனர். டியூக்கேன் அணியில் ஆடிய சக் கூப்பர் அடுத்த மாதமே தொழின்முறைச் சங்கத்தாற் தெரிவு செய்யப்பட்ட முதற் கறுப்பினத்தவர் ஆனார் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இரண்டாவது சுற்றுப்போட்டியில் எட்டு அணிகளே ஆடின. ஒகாயோ மாநில அணியை ஒரே புள்ளியால், 56–55 என, வென்றனர். வடகரோலினா மாநில அணியை 78–73 என வென்றனர். 1950 மார்ச் 28ஆம் நாள் இறுதியாட்டத்தில் எதிர்வந்தது மீண்டும் பிறட்லியே. முதற்பாதியில் மேகர் எதிரணியினர் ஒருவரோடு மோதித் தலை பிளந்து, தையலிட்டுக் கட்டுக் கட்டிக்கொண்டு மீண்டும் களம் புகுந்தார். கடைசி நிமிடம் தொடங்கியபோது நகரக் கல்லூரி ஆறு புள்ளி முன்னின்றது. பிறட்லியினர் நெருக்கிப் பந்தைப் பறித்துப் பறித்து 69–68 என ஆக்கினர். மீண்டும் பந்தைப் பறித்த ஜீன் மெல்கியோரி என்னும் சிறுமேனியர் வளையத்தை நோக்கிப் பாய்ந்தார். அவர் எறிந்திருந்தால் வெற்றி பிறட்லிக்கே. டாம்புரொட் எதிரே எழுந்து பந்தைத் தடுத்துப் பற்றி, களத்தின் மறுகோடியில் தனித்து நின்ற மேகருக்கு எறிந்தார். தலைக்கட்டோடு நின்ற மேகர் அதனை வளையத்துள் இட்டார். 71–68. தடுத்தபோது டாம்புரொட் கையில் அடித்தார் என்று பிறட்லியார் முறையிட்டனர். மத்தியஸ்தரின் ஊதுகுழல் ஒலிக்கவில்லை.

ஒரே ஆண்டில் இரு சுற்றுப்போட்டிகளையும் வென்ற கல்லூரி அது ஒன்றே. பின்னர் விதிகள் மாறின; இரண்டிலும் ஒருங்கே ஆடுதல் இயலாதாயிற்று. ஆதலால் அவ்வெற்றியை இனி ஒருவரும் எய்தப் போவதில்லை. அன்றிரவு மாணாக்கர் அரங்கிலிருந்து வீதிகளிற் பாட்டோடும் கூத்தோடும் சென்றனர். மறுநாட் காலையில் வகுப்புகள் நிறுத்தப்பட்டன; கல்லூரி மணி ஒலித்தது. படிப்பாளிகள் என்று மற்றவராற் சிறிது ஏளனமாகவும் பேசப்பட்ட பிள்ளைகள், வந்தேறிகளின் மக்கள், கறுப்பர், யூதர் என ஒதுக்கப்பட்டோர், நாட்டின் முதல்வராயினர்.

இங்கே சற்று நின்று ஒரு நுட்பத்தை விளக்குதல் வேண்டும். அது விளங்காவிடின் பின்னர் நிகழ்ந்தது விளங்காது.

பந்தயம் கட்டுவோர் பண்டு தொட்டு எவ்வணி வெல்லும் என்றே கட்டி வந்தனர். வல்ல அணியும் மெலிந்த அணியும் மோதும்போது மெலிந்ததன்மேற் பணம் வைப்பார் எவருமிலர். எனவே பந்தயத் தரகருக்கு வியாபாரம் நடப்பதில்லை. 1940களில் இதற்கொரு வழி பரவியது. வல்ல அணி இத்தனை புள்ளிக்கு மேல் வெல்லுமா, அதற்குக் குறைவாக வெல்லுமா என்பதே பந்தயமாயிற்று. நகரக் கல்லூரி பத்துப் புள்ளியால் வெல்லும் என்று தரகர் விதித்தாரென்று வைத்துக்கொள்வோம். அது பதினைந்து புள்ளியால் வென்றால் அதன்மேற் பணம் வைத்தோர் வெல்வர். ஐந்து புள்ளியால் வென்றாலோ, களத்தில் அணி வென்றது. ஆயினும் அதன்மேற் பணம் வைத்தோர் தோற்றனர். இப்பிளவிலேதான் நஞ்சு புகுந்தது. உன் கல்லூரியைத் தோற்கச் செய் என்று ஒரு மாணாக்கனிடம் கேட்டால் அவன் கையோங்குவான். வெற்றி உனக்கே, சற்றுக் குறைத்து வென்றாற் போதும் என்று கேட்டாலோ, அவன் மனம் இதிற் கேடென்ன என்று தனக்குத்தானே விடை சொல்லத் தொடங்குகிறது. ஓர் எறிவைத் தவறவிடுதல், எதிரியை ஓரடி பிந்தித் தொடர்தல், இவை ஆட்டத்தில் இயல்பாக நிகழ்வன; மத்தியஸ்தரும் காணார், பயிற்றுநரும் காணார். ஆயின் புள்ளியைக் குறைக்க முயல்பவன் பல வேளைகளில் ஆட்டத்தையே இழந்துவிடுகிறான். பொய்யாக ஆடத் தொடங்கியவனுக்கு மெய்யாக ஆட வேண்டிய கணத்திற் கை வழங்குவதில்லை போலும்.

வீரரைத் தரகர் சந்தித்த இடங்களையும் கூறல் வேண்டும். நகருக்கு வடக்கே கட்ஸ்கில் மலையிலே விடுமுறை விடுதிகள் பல இருந்தன. கோடையிற் கல்லூரி வீரர் அங்குப் பரிமாறுவோராக வேலை செய்து, மாலையில் விருந்தினர் முன்னிலையிற் கூடைப்பந்து ஆடுவர். விருந்தினர் புள்ளிக் கணக்கின்மேற் சிறுபந்தயம் வைப்பர். அங்கே வேடிக்கையாய்த் தொடங்கிய பழக்கம் மாரிகாலத்தில் மடிசன் சதுக்கத்துக்கு வந்து சேர்ந்தது. முன்னெச்சரிக்கை இல்லாமலுமில்லை. 1945இலேயே புரூக்ளின் கல்லூரி வீரர் ஐவர் கைக்கூலி பெற்றமை வெளிப்பட்டது. அன்று கல்லூரிகள் விழித்திருக்கலாம். அரங்கின் வருவாயோ இனிதாயிருந்தது.

1951 ஜனவரியில் மன்ஹற்றன் கல்லூரியின் யூனியஸ் கெலொக் என்னும் கறுப்பின மாணாக்கரிடம், முன்னர் அவ்வணியில் ஆடிய ஒருவரே வந்து ஆயிரம் டொலர் தருவதாகக் கூறினார். கெலொக் வறியவர். ஆயினும் அவர் நேரே தம் பயிற்றுநரிடம் சென்று நடந்ததைக் கூறினார். அவரால் ஊழல் வெளிப்பட்டது. மாவட்ட வழக்குத்தொடுநர் பிராங் ஹோகன் விசாரணையைத் தொடங்கினார். பெப்ரவரி 17ஆம் நாள் நகரக் கல்லூரி அணி பிலடெல்பியாவிலே ரெம்பிள் அணியை வென்று, புகைவண்டியில் நியூயோர்க் மீண்டது. அவ்விரவே வோணர், றோமன், றொத் மூவரையும் துப்பறிவோர் அழைத்துச் சென்றனர். விடியுமுன் மூவரும் ஒப்புக்கொண்டனர். சல்வடோர் சொலாசோ என்னும் நகை வியாபாரி பணம் கொடுத்தவர். லோங் ஐலன்ட் கல்லூரியின் முன்னாள் வீரர் எடி காட் இடைநின்றவர்.

கல்லூரி அதிர்ந்தது. எஞ்சி நின்ற லேனை மாணாக்கர் தமக்கு இன்னும் ஒருவர் உளர் என்று கொண்டாடினர். சில நாட்களில் லேனும் ஒப்புக்கொண்டார். அவர் பெற்ற பணத்தில் 2,890 டொலர் அவர் வீட்டு அறையிலே பூச்சாடி ஒன்றின் மண்ணுக்குள் இருந்தது. அப்பணத்தை அவர் பெரும்பாலும் செலவு செய்யவே இல்லை. குற்றமும் அச்சமும் ஒரே சாடியிற் கிடந்தன. மார்ச்சு மாதத்தில், பட்டம் பெற்று வெளியேறிய டாம்புரொட்டும் மேகரும் கைதாயினர். ஹேர்ப் கோகன் என்பவரோடு நகரக் கல்லூரியார் எழுவராயினர். வெற்றிப் பருவத்தில் முதல் ஐவராய் நின்றோர் எல்லோரும் அவ்வெழுவருள் அடங்கினர். இரு சுற்றுப்போட்டிகளின் ஆட்டங்கள் எதுவும் விலைக்கு விற்கப்பட்டதாகக் காட்டப்படவில்லை. ஆயினும் அதே பருவத்தின் முற்பகுதியாட்டங்கள் சிலவற்றிலே பணம் கைமாறியமை வெளியாயிற்று. இடையில் நேர்ந்த தளர்ச்சியை நினைவுகூர்வோர்க்கு இது கசப்பைத் தரும். அன்று தங்கள் அணி தோற்றதே என வருந்தி நின்ற மாணாக்கருட் பலர், தாங்கள் எதற்காக வருந்தினோம் என்பதையே பின்னர் அறியாதவராயினர்.

ஊழல் நகரக் கல்லூரியோடு நிற்கவில்லை. 1947 முதல் 1950 வரை ஏழு கல்லூரிகளைச் சேர்ந்த முப்பத்திரண்டு வீரர், எண்பத்தாறு ஆட்டங்களிற் சம்பந்தப்பட்டிருந்தமை கண்டறியப்பட்டது. இது நியூயோர்க் நகரத்து நோய், நம் ஊரில் இதற்கு இடமில்லை என்று பேசியோர் பலர். அவ்வாண்டு ஒக்டோபரிலே கென்ரக்கியின் முன்னாள் வீரர் அலெக்ஸ் குறோசாவும் ரால்ப் பியேர்டும் கைதாயினர். 1952–53ஆம் ஆண்டுப் பருவம் முழுவதும் கென்ரக்கி ஆடாது நிற்க நேர்ந்தது. பிறட்லியின் மெல்கியோரியும் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இறுதியாட்டத்தின் கடைசிக் கணத்திற் பந்தோடு பாய்ந்தவர், அதனைத் தடுத்தவர், பெற்று வளையத்துள் இட்டவர் ஆகிய மூவரும் பின்னர் நீதிமன்றத்திற் குற்றவாளிகளாய் நின்றனர். அக்கணத்திலோ மூவரும் மெய்யாகவே ஆடினர். மெல்கியோரி 1951இல் தொழின்முறைச் சங்கத்தின் முதற்தெரிவாக இருந்தும் அச்சங்கத்தில் ஓர் ஆட்டமேனும் ஆடும் பேறு பெறவில்லை.

1951 நவெம்பரில் நீதிபதி சோல் ஸ்ரைற் தீர்ப்பளித்தார். சொலாசோவுக்கு எட்டு முதற் பதினாறு ஆண்டுச் சிறை. வோணருக்கு ஆறுமாதச் சிறை. நகரக் கல்லூரியின் ஏனையோர் பெரும்பாலும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையோடு தப்பினர். லோங் ஐலன்டின் சேர்மன் வைற், அக்காலத்துக் கல்லூரி வீரருட் தலைசிறந்தவர், சிறை சென்றார். நீதிபதி வீரரை மட்டும் கடிந்தாரல்லர். கல்லூரிகளையும் அவற்றின் ஆட்சியாளரையும் வணிகமாகிவிட்ட விளையாட்டையும் கடிந்தார். அவர் கூற்றிலே நியாயமுண்டு. அரங்கிற் சீட்டு விற்றவர் செல்வரானார். கல்லூரிக்குப் பங்கு கிடைத்தது. தரகர் கோடிக்கணக்கிற் பந்தயம் வாங்கினர். பதினெண்ணாயிரவர் முன்னே ஓடி வியர்த்தவனுக்கு மட்டும் ஒன்றுமில்லை. இது குற்றத்தை நியாயமாக்காது, கெலொக்கும் வறியவரே, கலிபரும் அதே அணியினரே, இருவரும் கறைபடவில்லை. ஆயினும் இளைஞர் சிலரைச் சிறைக்கூண்டுக்கு அனுப்பிவிட்டு, அரங்கின் வாயிலை மறுநாளும் திறந்து வைத்தல் முழுநீதியாகுமா என்னும் வினா எஞ்சுகிறது.

இதனினும் வருத்தத்தக்க செய்தியொன்று பின்னர் வெளிப்பட்டது. உயர்கல்விச் சபையினர் ஆராய்ந்தபோது, வீரர் சிலரைக் கல்லூரியிற் சேர்த்துக்கொள்ளும் பொருட்டு அவர்களின் பாடசாலைப் புள்ளிப் பதிவுகள் திருத்தப்பட்டிருந்தமை தெரிந்தது. என் கருத்தில், பணம் பெற்றமையினும் இதுவே பெரிய முறிவு. பணம் பெற்றோர் இருபது வயதினர். பதிவைத் திருத்தியோர் வளர்ந்தோர். கட்டணமின்றிக் கற்பிக்கும் கல்லூரியின் வாயில் புள்ளி ஒன்றாலேயே காக்கப்படுகிறது. அவ்விடத்திற் பொய் புகுந்தால், அன்றிரவு விளக்கடியிற் கண் விழித்துப் படித்துப் புள்ளி பெற்ற எவனோ ஒருவனின் இடம் அவனறியாமலே பறிபோகிறது. அவன் பெயரை எந்தப் பத்திரிகையும் வெளியிடவில்லை.

நமது பகுதியோடு இதனை ஒப்பு நோக்குதலும் பொருந்தும். சென்ற் ஜோன்ஸ் கல்லூரிக்கும் மத்திய கல்லூரிக்கும் இடையே 1904 முதல் நடைபெற்றுவரும் கிரிக்கெட் போட்டிக்கும் பெருங்கூட்டம் கூடுகிறது, ஆரவாரமும் உண்டு, பழைய மாணவர் கடல் கடந்தும் வந்து சேர்கின்றனர். ஆயின் அது கல்லூரி மைதானத்திலே, ஆசிரியரும் பெற்றோரும் பார்த்திருக்க நடைபெறுவது. ஆட்டம் பிழைத்தவனை மறுநாள் வகுப்பிலே முகம் பார்த்துக் கேட்கும் தோழர் உளர். நகரக் கல்லூரியார் தம் சிறு மண்டபத்தை விட்டுக் குத்துச்சண்டை அரங்கிற்குச் சென்றபோது, ஆயிரவர் கண்ணை விட்டு இலட்சம் டொலரின் கண்ணுக்குட் சென்றனர். இடம் மாறியமை சிறிய செய்தியன்று. வழக்குக்குப்பின் நகரக் கல்லூரி தன் அணியை அவ்வரங்கிலிருந்து மீட்டுக்கொண்டது. தேசியச் சங்கத்தின் இறுதியாட்டமும் 1950க்குப்பின் அங்கு நடைபெறவில்லை.

அவர்களின் பிற்கால வாழ்க்கையும் ஒருதன்மைத்தன்று. ஹோல்மன் 1952இற் பணியிலிருந்து நிறுத்தப்பட்டு, முறையீட்டின்மேல் 1954இல் மீளச் சேர்க்கப்பட்டார். 1995இல் 98ஆம் வயதிற் காலமானார். கலிபர் சட்டம் பயின்று நியூயோர்க் மாநில மேற்சபையில் நெடுங்காலம் உறுப்பினராயிருந்தார். டாம்புரொட் பல் வைத்தியரானார். றோமன் உளவியலிற் கலாநிதிப் பட்டம் பெற்று, நகரத்துப் பாடசாலைகளிலே பிள்ளைகளுக்கு உளவியலாளராய்ப் பணியாற்றினார். வோணருக்கு வாழ்வு எளிதாக அமையவில்லை. மீண்டும் சிறை செல்ல நேர்ந்தது. பிற்காலத்திற் பாடசாலை ஆட்டங்களுக்கு மத்தியஸ்தராயிருந்தார். கெலொக் 1954இல் மோட்டார் விபத்தொன்றில் உடல் செயலிழந்து, பின்னர் சக்கர நாற்காலிக் கூடைப்பந்தணிக்குப் பயிற்றுநராய் விளங்கினார்.

லேன் நகரத்துச் சிறுவர்க்கு விளையாட்டுப் பயிற்றி வந்தார். தொழின்முறைச் சங்கம் அவ்வூழலிற் சிக்கிய எவரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆதலாற் சிறு அணிகளிலேயே ஆடினார். 1974இல் நகரக் கல்லூரி அவரைத் தன் கூடைப்பந்தணிக்குப் பயிற்றுநராக அழைத்தது. அப்போது அக்கல்லூரி பெரிய அணிகளோடு மோதுவதை விட்டுவிட்டிருந்தது. விளையாட்டுக்கெனப் புலமைப்பரிசில் கொடாத கல்லூரிகளின் பிரிவிலேயே அது இன்றும் ஆடி வருகிறது. மண்டபத்துக்கு ஹோல்மனின் பெயர் இடப்பட்டுள்ளது. அங்கே சில நூற்றுவர் பார்த்திருக்க, லேன் பதினான்கு ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பந்தைக் கொடுத்துவிட்டு வெட்டி ஓடும் முறையைக் கற்பித்தார்.